அட்டையின் பின்பக்கம்

சுட்ட அட்டை கைக்கு வந்ததும் அந்த ஆர்மரர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார். எத்தனை மார்க் என்பது அவருக்கு அப்புறம். துளையின் விளிம்பு எந்தப் பக்கம் மலர்ந்திருக்கிறது, கிழிசல் எங்கே ஓடுகிறது என்று விரல்நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, பிறகுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்பக்கத்துக்கு வருகிறார். போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தா, அதாவது சிப்பாய். ரேஞ்சில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'.

புதுச்சேரி உழவர்கரையில், வில்லியனூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடி வீட்டின் நீளமான கூடம்தான் ரேஞ்ச். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் மட்டும். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் லைசென்ஸ் கேட்பதில்லை. தோட்டா விஷயம் அப்படியில்லை. அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் பலர் வீட்டு மேஜையிலேயே கேப்பும் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா கட்டிக்கொள்கிறார்கள். இங்கே அதற்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உற்பத்தி லைசென்ஸ் வேண்டும். அவர்களுக்கு வரும் தலைவலி மட்டும் நம்மூருக்கும் உண்டு: வட்டமாக விழவேண்டிய துளை கோணலாக விழுவது.

நான் போயிருந்தபோது பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் அப்படிப்பட்ட அட்டையோடு வந்து நின்றாள். துளைகள் முட்டை வடிவத்தில் இருந்தன.

"மாஸ்டர், பேரல் போயிடுச்சா?"

"பேரலுக்கு அப்புறம் வருவோம். மொதல்ல அட்டய மாட்டுன கிளிப்பப் பாரு."

அவர் கணக்கு எளிது. எல்லாத் துளையும் ஒரே திசையில் நீண்டிருந்தால் சந்தேகம் அட்டை மேல். அது சாய்ந்து தொங்கியிருக்கும், அல்லது வளைந்திருக்கும். ஐப்பசி மழையில், கடற்காற்று ஈரத்தில், இந்த ஊரில் அட்டை அப்பளம் மாதிரி நெளிந்துகொள்ளும். ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு பக்கம் நீண்டிருந்தால் பெல்லட் குழலை விட்டு வெளியே வரும்போதே தள்ளாடியிருக்கிறது. அந்தப் பெண்ணின் அட்டை இரண்டாவது வகை.

போட்டிக்குச் சுடும் பெல்லட்டுக்குத் தலை தட்டை. அரை கிராம் சொச்சம் எடையுள்ள ஈயம். இடை ஒடுங்கி, பின்னால் குழிவாக விரிந்த ஸ்கர்ட். தட்டைத் தலை பஞ்ச் போட்டதுபோல அட்டையை வெட்டும். கூர்மூக்குப் பெல்லட் துளைத்தால் ஓரம் பிசிறும், துளையும் சிறுத்துத் தெரியும். சுடும்போது பின்னாலிருந்து வரும் காற்று ஸ்கர்ட்டை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கிறது. உள்ளே திருகிச் செல்லும் காடிகள் அதைப் பிடித்துச் சுழற்றுகின்றன. ஸ்கர்ட்டில் ஒரு நசுங்கல் இருந்தால் அந்தப் பக்கம் காற்று கசியும், பெல்லட் சாயும். விநாடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிற பொருளுக்குப் பத்து மீட்டருக்குள் அந்தத் தள்ளாட்டம் அடங்க நேரமில்லை.

ஈயம் மெத்தென்ற உலோகம். டப்பா கீழே விழுந்தாலே போதும்.

ஜன்னலோரம் ஒரு அக்கா கண்ணாடித் தகட்டை லேசாகச் சாய்த்து வைத்துக்கொண்டு பெல்லட்களை ஒவ்வொன்றாக உருட்டிவிடுகிறார். தலையும் ஸ்கர்ட்டும் ஒரே அளவில் இல்லாததால் எந்தப் பெல்லட்டும் நேராக உருளாது. வில்லாக வளைந்துதான் போகும். நல்லதெல்லாம் ஏறக்குறைய ஒரே வளைவில் போய்ச் சேர, சில மட்டும் தத்திக்கொண்டு வேறு பக்கம் ஒதுங்குகின்றன. "பாவாட நசுங்குனது" என்று அவற்றைத் தனி டம்ளரில் போடுகிறார். மிஞ்சியதை மின்தராசில் நிறுத்துப் பிரிக்கிறார். டீ வந்தபோது சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடவில்லை. இந்த ரேஞ்சின் மார்க்கில் பாதி இவர் கையில் இருக்கிறது என்பது என் எண்ணம். மெடல் படங்களில் இவர் இல்லை.

அட்டையில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். கோணல்மாணலாகச் சின்னச் சின்னத் துளைகள், விளிம்பு சுடுகிறவரைப் பார்த்து மலர்ந்திருக்கும். பெல்லட் தடுப்பில் மோதிச் சிதறிய ஈயத்துணுக்கு பின்னாலிருந்து வந்து குத்தியது அது. முன்பக்கம் மட்டும் பார்க்கிறவர் துப்பாக்கியைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார்.

இந்தப் பாடமெல்லாம் மாஸ்டருக்கு .303 ரைஃபிளிடம் கிடைத்தது. ஐந்து காடி, இடப்பக்கச் சுழற்சி, பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட் எரியும்போது சூடு அதிகம். குழலின் தொடக்கத்தையே அரித்துவிடும். அப்படித் தேய்ந்த குழலில் காடி குண்டைப் பிடிக்காது. குண்டு புரண்டு போய்ப் பக்கவாட்டில் அட்டையைக் கிழிக்கும். அந்த நீளத் துளைக்குக் 'கீஹோல்' என்று பெயர். கையால் தோட்டா கட்டுகிறவர் குழலுக்குச் சிறுத்த குண்டைப் போட்டாலும், காடியின் சுற்றுக்கு மீறிய நீளக் குண்டைப் போட்டாலும் இதே துளைதான் விழும். எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு சுற்று வேண்டும் என்பதற்கு ஆல்ஃபிரட் கிரீன்ஹில் 1879இலேயே சூத்திரம் எழுதிவிட்டார்.

சுவரில் இளவேனில் வாலறிவன் படம். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர் என்றாலும் இங்குள்ள பிள்ளைகளுக்கு அவர் பக்கத்து ஊர் அக்கா. அவர் ஆடும் உலகப் போட்டிகளில் மின்னணு இலக்குதான், 10.4, 10.6 என்று தசமத்தில் மார்க் திரையில் வந்துவிடும். ரைஃபிள் அட்டையின் பத்தாம் வளையம் வெறும் அரை மி.மீ. புள்ளி என்பதால் அந்தத் துல்லியம் தேவைதான். ரேஞ்சின் பயிற்சியாளருக்கு அந்த இயந்திரத்தை இங்கே வாங்க ஆசை. ஆனால் பெல்லட் எங்கே விழுந்தது என்றுதான் அது சொல்லும்; எப்படி விழுந்தது என்று சொல்லாது. வாங்கினாலும் ஒரு தடத்திலாவது அட்டை தொங்க வேண்டும் என்று மாஸ்டர் பிடிவாதமாக இருக்கிறார். நான் அவர் கட்சி.

அந்தப் பெண்ணின் ரைஃபிளை ஸ்டாண்டில் இறுக்கி, வேறு எதையும் தொடாமல், வேறு டப்பாவிலிருந்து அக்கா பிரித்த பெல்லட் போட்டுச் சுட்டார்கள். துளைகள் வட்டமாக விழுந்தன. ஆனால் குரூப்பிங் மொத்தமாக இடது கீழே இறங்கியிருந்தது.

"அது சைட்டத் திருப்புனா சரியாப் போவும்" என்று டப்பாவின் பேட்ச் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டார் மாஸ்டர். "இதே நம்பர்ல எத்தன டப்பா கெடைக்கும்னு கேளும்மா. போட்டி முடியிற வரைக்கும் மாத்தக் கூடாது."

அவள் அப்பாவுக்குப் போன் போட்டுக் கடைக்காரரின் நம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.