ஐம்பதில் முப்பது போனால்

ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் பாடப்புத்தகம், பதிவேடு, பரீட்சை எல்லாம் ஆரம்பிக்கின்றன. பல வருஷம் அந்த வகுப்பையே எடுத்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: திருவண்ணாமலைப் பிள்ளையிடம் இந்தக் கணக்குச் செல்லாது. கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவிலிருந்து வரும் ஐந்து வயதுக்காரனுக்கு இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டும் எந்த வரிசையில் வரும் என்று தெரியும். பௌர்ணமி என்றைக்கு என்று காலண்டர் பார்க்காமல் சொல்வான். அன்று ராத்திரி அவன் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. பெங்களூர் பஸ் எது, வேலூர் பஸ் எது என்று எழுத்துக் கூட்டாமலே கண்டுபிடிப்பான். ஆந்திராவிலிருந்து வரும் கூட்டத்திடம் தெலுங்கில் விலை சொல்வான். வெள்ளைக்காரர்களைக் கண்டால் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும். அதை இங்கே எழுத வேண்டாம்.

இவ்வளவு தெரிந்த பிள்ளை வகுப்புக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொள்கிறது.

முதல் சிக்கல் பெயரில் வரும். வீட்டில் அவன் அப்பு, அவள் பாப்பா, இன்னொருத்தி குட்டிம்மா. வருகைப் பதிவேட்டிலோ ஜாதகம் பார்த்து, எண்கணிதம் பார்த்து வைத்த நீளமான பெயர் இருக்கும். அதைக் கூப்பிட்டால் சில பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்காது. பெயருக்கு உரியவள் எதிரிலேயே உட்கார்ந்து வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பராக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜூன் மாதம் முழுக்க இந்தக் கூத்துதான். ஆடி பிறப்பதற்குள் “உள்ளேன் டீச்சர்” என்று குரல் வந்துவிடும். தனக்கு வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர், இரண்டும் தான்தான் என்று பிள்ளைக்குப் புரிந்த நாள் அது. எந்தத் திறன் பட்டியலிலும் இதற்குக் கட்டம் கிடையாது. என்னைக் கேட்டால் முதல் பருவத்தின் பெரிய பாடம் இதுதான் என்பேன்.

அடுத்தது ஒண்ணுக்குப் போகக் கேட்பது. சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று பத்துத் தடவை சொல்லியிருப்போம். ஆனாலும் கேட்கக் கூசி, பாவாடையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்; பக்கத்துப் பிள்ளை சொன்னால்தான் டீச்சருக்குத் தெரியவரும். தன் உடம்பின் அவசரத்தை உறவுக்காரர் அல்லாத ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொல்வது பெரியவர்களுக்கே எளிதில்லை. அதைச் சொல்லலாம், சொன்னால் யாரும் திட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை வர ஒரு மாதமாவது வேண்டும். திட்டு விழுந்த வகுப்பில் அது வருஷம் முழுக்க வராது.

எழுத்துக்கு வருகிறேன். தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பெற்றோர் தாங்களும் பயந்து பிள்ளையையும் பயமுறுத்துவார்கள். உயிரும் மெய்யுமாக முப்பது, அவற்றோடு கால், கொம்பு, சுழி போன்ற குறிகள் கொஞ்சம். இவை பிடிபட்டால் மீதி பெரும்பாலும் தானே வரும். உகர, ஊகார வரிசை மட்டும் யார் சொன்ன பேச்சையும் கேட்காது. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. இன்னொரு வில்லங்கம் ‘கொ’. காதில் விழும்போது க் முன்னால், ஒ பின்னால். பலகையில் கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும், நடுவில் க. பிள்ளைகள் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் க போடும், கால் போடும், அப்புறம் ஞாபகம் வந்து மிச்சமிருக்கும் சந்தில் கொம்பை நெருக்கிச் செருகும். எழுதி முடித்த சிலேட்டை மட்டும் பார்ப்பவர் கோணலாக இருக்கிறது என்பார். எழுதும்போது பார்த்தவருக்குத் தெரியும், அந்தப் பிள்ளை காதால் கேட்ட வரிசையில்தான் எழுதியிருக்கிறது என்று. யானைத் துதிக்கை போட்ட பழைய ‘லை’யையும் ‘னை’யையும் எழுதிப் பழகிய என் வயதுக்காரர்கள், 1978-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஒன்றாம் வகுப்பின் சார்பில் ஒரு கும்பிடு போட வேண்டும். பதின்மூன்று எழுத்துகளின் தனித் தொல்லை ஒரே அரசாணையில் போயிற்று.

எந்த எழுத்தில் தொடங்குவது என்பதிலும் சண்டை உண்டு. ‘அ’ முதலெழுத்து, சரிதான். ஆனால் எழுதிப் பழகாத கைக்கு அந்தச் சுழியும் வளைவும் எளிதில் வராது. ரிஷிவேலியில் பிறந்த யோசனையை ஒட்டி 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் ட, ப, ம என்று கோடு எளிதான எழுத்துகளில்தான் ஆரம்பித்தோம். நாலைந்து நாளில் ‘படம்’ என்று ஒரு முழுச் சொல் கைக்கு வந்துவிடும். கீழ்மட்டக் கரும்பலகையில் தன் உயரத்துக்குத் தானே எழுதி, அதைத் தானே அழிக்கும் உரிமையும் பிள்ளைக்கு அப்போதுதான் வந்தது. அந்த முறையில் எனக்கு மனத்தாங்கல்கள் உண்டு. அட்டைகள் தொலையும், கற்றல் ஏணியில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று தேடியே பொழுது போகும். ஆனால் கரும்பலகையைச் சுவரின் அடியில் இறக்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

அதற்கும் முன்னால், திண்ணைப் பள்ளிக்கூடத்தில், மணல்தான் பலகை. இந்த ஊரில் மணலுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதில் இங்கே வந்து சேர்ந்த ரமணர், பேசாமல் இருந்த வருஷங்களில் தன்னிடம் வந்து கேட்டவர்களுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டினார். சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அப்படி எழுதிய பதில்கள்தான் பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. அவருடைய அட்சரமணமாலையும் அரிச்சுவடி போல அகர வரிசையில் போகும். அதிகம் படித்தவர்கள் கிடந்து புரளும் விஷயத்தைச் சொல்லவும் அவருக்கு ஒன்றாம் வகுப்பின் தளவாடம் போதுமாக இருந்தது.

இனி கணக்கு. என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் கட்டட வேலை; இவள் ஆயாவோடு இங்கே. பௌர்ணமிக்கு ஆயா அகல் விளக்கு விற்கும், இவள் எடுத்துக்கொடுப்பாள். மறுநாள் வகுப்பில் தூங்கி விழுவாள், நானும் எழுப்பமாட்டேன். சிலேட்டில் ஐம்பதில் முப்பது போனால் எவ்வளவு என்று எழுதிப் போட்டால், ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். சரியா தப்பா என்பது அவளுக்கு என் முகத்தில்தான் எழுதியிருந்தது. ஒருநாள், “மூணு விளக்கு குடு, இந்தா அம்பது ரூபா” என்று கையை நீட்டினேன். “வெளக்கு பத்து ரூபா டீச்சர், மூணு முப்பது, இருவது ரூபா மீதி வாங்கிக்க” என்றாள், ஒரு நொடி யோசிக்காமல். அதையேதானே கேட்டேன் என்று சிலேட்டைக் காட்டினேன். “இது கணக்கு டீச்சர்” என்றாள்.

அவள் சொன்னதையே பெரிய ஆய்வு ஒன்றும் பிற்பாடு சொன்னது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ முதலியவர்கள் டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து 2025-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கடையில் சிக்கலான கூட்டல் பெருக்கலை மனசுக்குள்ளேயே போடும் பிள்ளைகள், அதே அளவு கணக்கைப் பள்ளிக்கூடப் பாணியில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் பாலம் தானாக உண்டாவதில்லை என்பதுதான் அதன் சாரம்.

ஒன்றாம் வகுப்பில் பிள்ளை கற்பவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். தனக்குத் தெரிந்ததில் எது இங்கே செல்லும், எது செல்லாது என்பதை அது மிக வேகமாகக் கற்றுக்கொள்கிறது. ட, ப, ம படிப்பதைவிட வேகமாக. “இவன் பல்பத்த எடுத்துக்கினான் டீச்சர்” என்று வந்த பிள்ளையிடம், “எடுத்துக்கொண்டான் என்று சொல்லு” என்று திருத்திவிட்டு, பல்பத்தை யார் எடுத்தது என்று விசாரிக்காமல் விட்டால், அடுத்த முறை அது வந்து சொல்லாது. வகுப்பறைக்குள் விளக்குக்கடை வைக்கலாம், எட்டு லிங்கத்தை வைத்து முதலாவது, இரண்டாவது சொல்லிக்கொடுக்கலாம், பஸ் பலகையை எழுதச் சொல்லலாம். ஆனாலும், அன்று சிலேட்டில் ஒரு பத்து ரூபாய்ப் படம் போட்டதும் விளக்கு விற்ற அந்தப் பெண்ணுக்குக் கழித்தல் வந்துவிடவில்லை. தீபத்துக்கு விட்ட உள்ளூர் விடுமுறையெல்லாம் முடிந்து, அரையாண்டும் தாண்டி, பொங்கலுக்குப் பிறகுதான் கடைக்கும் சிலேட்டுக்கும் ஒரே கணக்கு என்பது அவளுக்கு உறைத்தது.

வீட்டிலிருந்து கொண்டுவருவதெல்லாம் பொக்கிஷம் என்றும் சொல்லமாட்டேன். யார் பக்கத்தில் உட்காரக் கூடாது, யார் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பதையும் சில பிள்ளைகள் ஐந்து வயதிலேயே கற்றுக்கொண்டு வருகின்றன. அது பள்ளியில் செல்லக் கூடாத சரக்கு. அதைக் கரைப்பதற்குப் பாடத்தைவிடத் தட்டு உதவும். 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவும், 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவும் வயிற்றுக்காக வந்தவைதான். ஆனால் உப்புமாவுக்கும் கிச்சடிக்கும் ஒரே வரிசையில் நின்று, ஒரே தரையில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளை, வீட்டில் சொன்னது தப்போ என்று முதல் சந்தேகம் கொள்வது அங்கேதான். காலையில் சாப்பிட்டுவிட்டு உட்காரும் பிள்ளை முதல் பாடவேளையில் சுருண்டு படுப்பதில்லை என்பதையும் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் அறிவார்கள்.

இவ்வளவையும் ஒரே வருஷத்தில் செய்ய வேண்டும், அதுவும் சீக்கிரம். தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு, பின்லாந்தில் ஏழு. நம் ஊர்த் தனியார் பள்ளிகளில் மூன்றரை வயதிலேயே நோட்டு நிறைய ஏபிசிடி. அங்கிருந்து மாறி வரும் சில பிள்ளைகள் அழகாக எழுதும், எழுதியதைப் படிக்கச் சொன்னால் விழிக்கும். 2022-ல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து தொடங்கச் சொன்னது நல்ல யோசனை. எந்த யோசனையும் நடக்க வகுப்பில் ஒரு ஆள் வேண்டும்.

ஆள் இல்லை என்பதுதான் விஷயம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகள் ஐந்து. ஆகவே சின்னப் பள்ளிகளில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில் ஒரே டீச்சரிடம் இருக்கும். மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் நடக்கும்போது ஒன்றாம் வகுப்பு என்ன செய்யும்? பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு எழுதிக் காட்டும். 1790-களில் சென்னை எழும்பூரில் அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். மணலையும் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதையும் தன் இல்லத்தில் நடத்திப் பார்த்து, இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் வைத்தார். குறைந்த செலவில் நிறையப் பேரைப் படிக்கவைக்கலாம் என்பதால் அங்கே அது வெகுவாகப் பரவியது. இருநூறு வருஷத்துக்கும் மேல் ஆன பிறகும் நாம் அதே சிக்கனத்தில்தான் இருக்கிறோம். பெரிய பிள்ளை எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. “இது கணக்கு டீச்சர்” என்று ஒரு குழந்தை சொல்வதைக் காதில் வாங்கி, அதை வைத்து மறுநாள் பாடத்தை மாற்ற இன்னொரு குழந்தையால் ஆகாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது போய் உட்காருங்கள். சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் எல்லாம் பேசுவார்கள், எல்லாம் வேண்டியவைதான். பேசி முடித்ததும், ஒன்றாம் வகுப்புக்கென்று தனியாக ஒரு டீச்சர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால், ஒருவர் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லி, அதில் உங்கள் கையெழுத்தையும் போட்டுவிட்டு வாருங்கள்.