எல்லாத்துக்கும் 'பக்'னு பேர் வைக்காதீங்க

பி.காம். முடிச்சதும் டெஸ்டிங் கோர்ஸ் சேரலாமான்னு நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் யோசிக்கிறாங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எரர், டிஃபெக்ட், ஃபெயிலியர் மூணையும் 'பக்'னு ஒரே மூட்டையா கட்டிடறோம். மூணும் வேற வேற.

மனுஷன் தப்பா நினைக்கிறது எரர். அதனால புரோகிராம்ல தங்கிப்போற கோளாறு டிஃபெக்ட். பக்னு சொல்றது இதைத்தான். புரோகிராம் ஓடும்போது நடக்கக்கூடாதது நடந்தா ஃபெயிலியர். எங்க ஊர் மேல்சித்தாமூர், சமண மடம் இருக்கற ஊர். அதனாலயோ என்னவோ, ஏடுதான் ஞாபகம் வருது. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், பாடினவன் பாட்டைக் கெடுத்தான்'னு பழமொழி இருக்கே! எழுதினவன் கவனம் பிசகினது எரர், ஏட்டுல நிக்கிற தப்பெழுத்து டிஃபெக்ட், சபையில கெட்டுப்போற பாட்டு ஃபெயிலியர். (பாடினவன் பாவம், இருந்ததைத்தானே பாடினான்!) ஏட்டைப் பிரிக்காத வரைக்கும் யாருக்கும் தெரியாது. மெஷின் வாங்கினதை பர்ச்சேஸ் அக்கவுண்ட்ல எழுதினாலும் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகுதே, அது மாதிரி.

இதைப் பிரிச்சுப் பார்க்கலைன்னா என்ன ஆகும்? 2022 ஆகஸ்ட் 7, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டோட முதல் பயணம். நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகள்ல படிக்கிற 750 மாணவிகள் சேர்ந்து செஞ்ச ஆசாதிசாட்டும் அதுல இருந்துச்சு. மூணு திட எரிபொருள் நிலைகளும் ஒழுங்கா எரிஞ்சுது. ஆனா ரெண்டாவது நிலை பிரிஞ்சப்போ வந்த அதிர்வுல, முடுக்கத்தை அளக்குற சென்சார்கள் கொஞ்ச நேரம் உச்ச அளவுல முட்டி நின்னுடுச்சு. சென்சாரே போச்சுன்னு சாஃப்ட்வேர் முடிவு கட்டி, மாற்று வழிக்குத் தாவிடுச்சு. 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் போக வேண்டியது 356-க்கு 76 கி.மீ. நீள்வட்டத்துல போய் விழுந்துச்சு. 76 கி.மீ.ல காத்து இழுக்காம விடுமா? ரெண்டு செயற்கைக்கோளும் போச்சு.

பாதை மாறினது ஃபெயிலியர். 'சென்சார்ல பக்'னு முடிச்சிருந்தா சென்சாரை மாத்திட்டு மறுபடி ஏவியிருப்பாங்க. ஆனா சென்சார் நல்லாத்தான் இருந்துச்சு. டிஃபெக்ட், பழுதைக் கண்டுபிடிக்கிற லாஜிக்ல. எரர் அதுக்கும் முன்னாடி: அதிர்வு இவ்வளவுதான் இருக்கும்னு தரையில போட்ட கணக்கு. இஸ்ரோ அந்த லாஜிக்கையும், ரெண்டாவது நிலை பிரியற அமைப்பையும் மாத்துனாங்க. 2023 பிப்ரவரி 10-ல ரெண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. கிளம்புச்சு, மாணவிகளோட ஆசாதிசாட்-2 இந்தத் தடவை 450 கி.மீ. பாதையில சரியா போய்ச் சேர்ந்துச்சு :)