பாவம்ப்பா அந்தத் தண்ணி!

‘ஹாஸ்டல் தண்ணி சரியில்லை... அதான் முடி கொட்டுது!’ - இந்த டயலாக்கைப் பேசாத ஹாஸ்டல் பொண்ணு யாராச்சும் இருக்கீங்களா? நானும் ரெண்டு வருஷமா இதே பாட்டைத்தான் பாடிட்டு இருந்தேன். வார்டன் மேடத்தோட சண்டைகூடப் போட்டிருக்கேன்.

போன செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ, எனக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்த அம்மா திடீர்னு பேச்சை நிறுத்திட்டாங்க. நெத்தியோரம் ரெண்டு பக்கமும் முடி மெலிஞ்சு, தோல் பளபளன்னு தெரிஞ்சுது. இருபது வயசுல வழுக்கையா? அன்னிக்கு ராத்திரி முழுக்க அழுதேன்.

தோல் டாக்டர்கிட்ட போனதும் முதல் வேலையா தண்ணி மேல பழியைப் போட்டேன். “உப்புத் தண்ணியில முடி சொரசொரப்பாகும்தான். ஆனா, அது நெத்தியோரமா மட்டும் பார்த்துக் கொட்ட வைக்குமா?”ன்னு கேட்டார். அப்புறம், “தினமும் எப்படித் தலை கட்டுவே?”ன்னார். கட்டிக் காட்டினேன். தூக்கிச் சீவி, புருவம் மேல ஏறுற அளவுக்கு இறுக்கி ஒரு போனிடெயில். “இதாம்மா குற்றவாளி”ன்னு சிரிச்சார்.

ஒரே இடத்துல தினமும் இழுத்துக்கிட்டே இருந்தா முடியோட வேர் தளர்ந்துடுமாம். பேரு ‘டிராக்‌ஷன் அலோபீஷியா’. ஆரம்பத்துலயே நிறுத்திட்டா முடி திரும்ப வளரும். வருஷக்கணக்கா இழுத்தா வேர் இருந்த இடமே தழும்பாகிடும், அப்புறம் வளராது. “ஸ்கூல்ல ரெட்டை ஜடையை இறுக்கிக் கட்டி விட்டது நான்தானே...”ன்னு அம்மா கலங்கினதுதான் எனக்குத் தாங்கலை.

அப்புறம்தான் என்னோட மத்த குற்றங்களும் வரிசையா வெளியே வந்துச்சு.

குளிச்ச உடனே ஈரத்தலையில சீப்பைப் போட்டு வறட் வறட்னு இழுக்கிறது நம்பர் ஒன். லேப்ல கம்பியை இழுத்து டெஸ்ட் பண்ணுவோமே, அதேதான். முடிக்குள்ள தண்ணி போனா, அதைக் கெட்டியா வெச்சிருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும். அந்த நேரத்துல இழுத்தா ரொம்ப நீளும், சேதமாகும். பாதி காஞ்சதும், பல் அகலமான சீப்பால நுனியில இருந்து சிக்கெடுங்க.

டவலால பரபரன்னு தேய்க்காம, பழைய காட்டன் துணியால ஒத்தி எடுங்க. ஈர முடியில ஸ்ட்ரெய்ட்னர் வைக்கவே வேண்டாம். உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகி, முடிக்குள்ளயே குமிழ் வந்து உடைஞ்சுடும். வெளியே தெரியிற முடிக்கு உயிர் கிடையாது. சேதமானா தானா ஆறாது. புதுசா வளர்ந்துதான் ஆகணும், அதுவும் மாசத்துக்குச் சுமார் 1 செ.மீ!

பசங்களா, ‘ஹெல்மெட் போட்டா முடி கொட்டும்’ங்கிற சாக்கு மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கிற துணியை அடிக்கடி துவைச்சுப் போடுங்க. முடியைவிட தலை முக்கியம் பாஸ்!

சீப்புல நாலு முடி வந்தா பதறவும் வேண்டாம். ஒரு நாளைக்கு 50-ல இருந்து 100 முடி வரைக்கும் உதிர்றது சகஜம்தான். ஆனா, ஒரே இடத்துல மெலியுதுன்னா உடனே டாக்டரைப் பாருங்க.

இப்ப நாலு மாசமா தளர்வான பின்னல்தான். நெத்தியோரம் குட்டிக் குட்டியா முடி எட்டிப் பார்க்குது. போட்டோ எடுத்து அனுப்பினேன். “நாத்து நட்ட மாதிரி இருக்குடி!”ன்னு அம்மா போன்லயே குதிச்சாங்க.

வார்டன் மேடத்துக்கு இன்னும் ஒரு ஸாரி பாக்கி இருக்கு!