தொட்டிலும் ஆய்வேடும்

கோடை விடுமுறை ஆசிரியனுக்கு ஓய்வுக்காலம் என்பர். எனக்கு இவ்வாண்டு வாய்த்ததோ ஒன்றரை வயது மகள்! என் துணைவி முனைவர் பட்ட ஆய்வு மாணவி. பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்ட 1929-ஆம் ஆண்டுச் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டை அக்கால இதழ்கள் எவ்வாறு எழுதின என்பதே அவருடைய ஆய்வு. காலையில் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்குப் புறப்படுவார், மாலையில்தான் மீள்வார். இடைப்பட்ட பொழுதெல்லாம் வீட்டில் என் ஆட்சி. ஆட்சியா? அடிமை வாழ்வு என்க! கஞ்சி ஊட்டினால் துப்புகிறாள். துணி மாற்றிய மறுகணமே நனைக்கிறாள். உறங்கினாள் என்று நூலை விரித்தால் விழித்துச் சிரிக்கிறாள்.

எதிர்வீட்டு அம்மையார் கேட்டார்: "என்ன தம்பி, பெற்றவள் படிக்கப் போக, நீ பிள்ளை வளர்ப்பதா?"

"எனக்கும் பிள்ளைதானே, அம்மா?" என்றேன். சிரித்துவிட்டு நகர்ந்தார். நல்லவர், பழக்கத்தின் கைதி.

அவர் மட்டுமா? ஆய்வு மாணவியர்க்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் விதி வகுத்தது. நன்று, வரவேற்போம். ஆனால் படிப்புக்காலம் முழுமைக்கும் அவ்வளவே; அதுவும் பெண்களுக்கு மட்டும்! தந்தையாகும் மாணவனுக்குத் தொட்டிலில் பங்கில்லையோ? 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. மாணவியோ பணியாளர் அல்லர்!

துணைவியின் 240 நாட்களும் தீர்ந்துவிட்டன. இரண்டு இயல்கள் முடிந்தன. மூன்று எஞ்சி நிற்கின்றன. சூனில் என் பள்ளி திறக்கிறது. அதன்பின் பகலில் மகளுடன் இருப்பவர் யார் என்று நேற்றிரவு நெடுநேரம் பேசினோம். முடிவு காணுமுன் அவள் விழித்துக்கொண்டாள்.