குண்டு உட்காரும் ஆழம்

தமிழில் ‘மருந்து’ என்னும் சொல் உயிரைக் காப்பதையும் குறிக்கும். உயிரைப் போக்குவதையும் குறிக்கும். வெடிமருந்து என்று அடைகொடுத்து எழுதுவது நம்முடைய ஏட்டு வழக்கு. சேர்வராயன் மலையில் ஒருகாலத்தில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் மருந்துதான். அதைக் குழலுள் இட்டு இறுக்குவதற்கு அவர்கள் வழங்கும் வினை ‘கெட்டித்தல்’. வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதன் முதற்குறளிலேயே அளவு கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று வரையறுத்துவிட்டார். அவர் பேசியது உடம்பைப் பற்றி. ஆயினும் துப்பாக்கிக் குழலுக்கும் அந்த இலக்கணம் சற்றும் பிசகாமல் பொருந்துவதை நாம் இரு வேறு மனிதர்களிடமிருந்து அறிந்துகொண்டோம். ஒருவர் நாகலூரைச் சேர்ந்த பெரியவர். மற்றவர் நம்மிடம் தமிழ் பயின்று, பின்னர் வேறு துறைக்குப் போய், இப்போது அமெரிக்காவில் வாழும் பழைய மாணவர். இருவரும் ஒருவரையொருவர் அறியார். இருவர் பேச்சும் ஒரே வினாவைச் சுற்றியே வந்தது: குண்டு எந்த ஆழத்தில் உட்கார வேண்டும்?

நாகலூர் ஏற்காட்டு மலையிலுள்ள சிற்றூர். காப்பித் தோட்டமும், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் ஏறிய மிளகுக்கொடியும், பலாவும் சூழ்ந்த பகுதி. காப்பி இம்மலைக்கு வந்தது சேலத்தில் 1820 முதல் 1829 வரை ஆட்சியராயிருந்த காக்பர்ன் காலத்தில். அதற்கும் நெடுங்காலம் முன்பே இங்கு வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் மலைக்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் தாங்கள் என்பது அவர்களது மரபுக்கதை. வேளாண்மையும் வேட்டையும் அவர்கள் வாழ்வில் பிரிக்க இயலாதவையாய் இருந்தன. விளைச்சலுக்குக் காவல் நின்ற துப்பாக்கியே வேட்டைக்கும் போயிற்று.

நாம் சொல்லும் பெரியவர் எழுபதைக் கடந்தவர். அவருடைய தந்தையார் வைத்திருந்த குழல்வாய்த் துப்பாக்கியைச் சில ஆண்டுகளுக்குமுன் அவரே காவல்நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். ஆகவே அவர் நமக்குக் காட்டியதெல்லாம் வெறுங்கையால்தான். இடக்கையைக் குழலாகப் பாவித்து, வலக்கை விரலைக் கம்பியாகப் பாவித்து அவர் விளக்கினார். முதலில் மருந்து. அதன்மேல் நாரோ துணிக்கந்தலோ. அதன்பின் குண்டு, அல்லது ரவை. அதன்மேல் மறுபடியும் அடைப்பு. ஒவ்வொன்றையும் கம்பியால் இடித்து இறக்க வேண்டும்.

“குண்டு உக்காந்துருச்சான்னு எப்படிங்க தெரியும்?” என்று கேட்டோம்.

“கம்பி சொல்லும் வாத்தியாரே. குண்டு நடுவழியில நின்னா கம்பி மொத்தையா விழும். மருந்துமேல நல்லா உக்காந்துட்டா கம்பி மேல துள்ளும். கையில தெரியும், காதுலயும் கேக்கும்.”

அவர் தந்தையார் கம்பியில் இரண்டு வெட்டுக்குறி இட்டிருந்தாராம். குழல் வெறுமையாயிருக்கையில் கம்பி எதுவரை இறங்கும் என்பதற்கு ஒன்று. முறைப்படி கெட்டித்தபின் எதுவரை இறங்கும் என்பதற்கு மற்றொன்று. இரண்டாம் குறி குழல்வாய்க்கு மேலே நின்றால் குண்டு இன்னும் உட்காரவில்லை என்பது பொருள். இருட்டிலும் விரலால் தடவி அறியலாம்.

குண்டுக்கும் மருந்துக்கும் இடையில் வெற்றிடம் விட்டால் என்ன ஆகும்? மருந்து எரிந்து எழும் ஆவி, ஓரிடத்தில் அசையாது நிற்கும் குண்டின்மேல் மோதுகிறது. குண்டு நகரத் தொடங்குமுன்பே அவ்விடத்தில் அழுத்தம் குவிகிறது. குழல் அங்கே புடைக்கும்; அல்லது பிளக்கும். பெரியவரின் தம்பி முறையுள்ள உறவினர் ஒருவர் அவ்வாறு இடக்கையின் இரண்டு விரல்களை இழந்தவர். “அவசரம்” என்ற ஒற்றைச் சொல்லால் அந்நிகழ்ச்சியைச் சொல்லி முடித்தார் பெரியவர்.

இனி மாணவர். அவர் இலக்குச் சுடுதலை விளையாட்டாகப் பயில்பவர். அந்நாட்டில் தம் பயன்பாட்டுக்குரிய தோட்டாவைத் தாமே செய்துகொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டை எடுத்துத் தூய்மை செய்து, அளவுக்குக் கொணர்ந்து, அடியில் புதுக் கேப்பு பொருத்தி, மருந்தை நிறுத்து இட்டு, வாயில் குண்டை அழுத்தி அமர்த்துவர். இந்த இறுதிச் செயலைத்தான் ஆங்கிலத்தில் உட்காரவைத்தல் என்றே குறிப்பிடுவராம். அவருடைய மடலில் இதைப் படித்தபோது நாகலூர்ப் பெரியவரின் ‘உக்காரணும்’ நம் நினைவுக்கு வந்தது. தொடர்பே இல்லாத இரு மொழியினர் ஒரே செயலுக்கு ஒரே வினையைத் தேர்ந்திருப்பது சொல்லாராய்வோர் கருத்துக்குரியது.

ரைஃபிள் குழலின் உட்புறம் வழுவழுப்பானதன்று. குண்டைச் சுழலவைத்து அனுப்பும் சுருள்பள்ளங்களும் அவற்றுக்கிடையே மேடுகளும் அதில் உண்டு. தோட்டா அறையில் இருக்கும்போது குண்டின் தோள்பகுதிக்கும் அந்த மேடுகளின் தொடக்கத்துக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கும். சுட்டவுடன் குண்டு அந்த இடைவெளியைத் தாவிக் கடந்து மேடுகளைக் கவ்வுகிறது. இத்தாவல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே அவர்கள் ஆராயும் சிக்கல்.

குண்டைக் கூட்டினுள் மிக ஆழமாக அழுத்தினால் மருந்துக்குரிய இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். மிக வெளியே விட்டால் குண்டு மேடுகளில் முட்டிக்கொண்டே தொடங்கும். அப்போதும் அழுத்தம் ஏறும். தோட்டா நீண்டுவிட்டால் துப்பாக்கியின் தோட்டாப்பெட்டியிலும் நுழையாது. கூடினும் குற்றம், குறையினும் குற்றம்.

இவ்விரு எல்லைகளுக்கிடையே சரியான இடத்தைக் கண்டறியும் முறை மிக எளியது. பொறுமை ஒன்றே அதற்கு முதல். முதலில் அந்தக் குறிப்பிட்ட குழலில், அந்தக் குறிப்பிட்ட குண்டு மேடுகளைத் தொடும் நீளம் எது என அளந்துகொள்வர். குண்டின் நுனி குண்டுக்குக் குண்டு சிறிது வேறுபடுமாதலால் நுனியிலிருந்து அளக்காமல் தோள்பகுதியிலிருந்து அளப்பர். பிறகு மருந்து, கூடு, கேப்பு எதையும் மாற்றாமல் ஆழத்தை மட்டும் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகள் வீதம் மாற்றி, ஒவ்வோர் ஆழத்துக்கும் ஐந்து தோட்டா போலச் செய்து சுட்டுப் பார்ப்பர். ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது சுமார் 0.025 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் பருமனிலும் குறைவு. எந்த ஆழத்தில் ஐந்து துளைகளும் நெருங்கி விழுகின்றனவோ அதுவே அக்குழல் விரும்பும் ஆழம். அதே நிறுவனத்தின் அதே வகை ரைஃபிளை வைத்திருக்கும் நண்பருக்கு அந்த எண் உதவாது. அவர் தம் குழலைத் தாமே கேட்டறிய வேண்டும்.

இன்னொன்றும் மாணவர் எழுதியிருந்தார். சுடச்சுட வெப்பத்தால் மேடுகளின் தொடக்கம் அரித்து முன்னோக்கி நகர்கிறது. ஆகவே இன்று சரியாயிருந்த ஆழம் சில நூறு, சில ஆயிரம் குண்டுகளுக்குப்பின் சரியாயிராது. சரி என்பதே இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது. நூலில் அச்சிட்ட அளவு தொடங்குமிடத்தையும் தாண்டக்கூடாத எல்லையையும் மட்டுமே சொல்ல முடியும். மீதியைக் குழல்தான் சொல்ல வேண்டும். கம்பி சொல்லும் என்றாரே பெரியவர், அதுவும் இதுவே.

ஆலைத் தோட்டாவுக்கு இந்தச் சலுகை இல்லை. நம் நாட்டில் உரிமம் பெற்றோர் வைத்திருக்கும் .315 ரைஃபிள் இஷாப்பூர்த் தொழிற்சாலையில் உருவானது; .303 படைத்துறைக்குரிய அளவாகையால் பொதுமக்களுக்கென இவ்வளவு அமைந்தது. அதற்கான தோட்டா எல்லா .315 துப்பாக்கிகளிலும் தடையின்றி நுழைய வேண்டும். எல்லோருக்கும் பொருந்தத் தைத்த சட்டை யாருக்கும் அளவெடுத்ததுபோல் இராது.

குண்டு குழலோடு பொருந்தும் வரலாற்றில் தென்னிந்தியாவுக்கும் ஓரிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்குப் பணியாற்றிய ஜான் நார்ட்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், இங்குள்ளோர் பயன்படுத்திய ஊதுகுழல் அம்பின் அடியில் நெட்டி போன்ற மென்பொருள் இருப்பதையும், ஊதும்போது அது விரிந்து குழலை அடைத்துக் காற்று வீணாகாமல் தடுப்பதையும் கண்டாராம். அடி குழிந்த குண்டு ஒன்றை அவர் வடிவமைக்க அதுவே தூண்டுதல் என்று படைக்கல வரலாற்று நூல்கள் கூறும். பின்னர் 1849இல் பிரான்சின் மினியே அக்கருத்தை முழுமைப்படுத்தினார். எளிதில் இறங்கும், சுட்டபின் விரிந்து கவ்வும். அவ்வழியில் வந்ததே 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்ட் ரைஃபிள். கொழுப்புத் தடவிய அதன் காகிதத் தோட்டா 1857இல் மூட்டிய தீ எல்லோரும் அறிந்தது. பெயர் பதிவாகாத ஓர் ஊதுகுழல் வேடன் அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்கிறான்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். நெருங்கி விழும் ஐந்து துளைகள் மாணவருக்கு விளையாட்டு. மலையில் அது வேறு. சரியாக உட்காராத குண்டு வலுவிழந்து செல்லும். விலங்கு சாகாது, காயத்தோடு காட்டுக்குள் போகும். பெங்களூரில் வாழ்ந்து பழைய சேலம் மாவட்டக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) எழுதியவற்றில், நாட்டுத் துப்பாக்கியால் காயம்பட்டு ஆட்கொல்லியான விலங்குகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அரைகுறையாய்க் கெட்டித்த குண்டுக்கு விலை கொடுத்தவர், அந்தப் பக்கமே போகாத யாரோ ஒருவர்.

எனவே சட்டம் குறுக்கே வந்ததில் நமக்கு மறுப்பில்லை. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க மட்டுமன்று, தோட்டா செய்யவும் உரிமம் வேண்டும். அதே சட்டம் உண்மையான பயிர்க்காவலுக்குக் குழல்வாய்த் துப்பாக்கி உரிமம் வழங்கவும் இடம்தருகிறது. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் வேட்டை என்பது முடிந்த கதை. காட்டுப்பன்றித் தொல்லைக்கெனத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறையிலும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே உரியது. காட்டை ஒட்டியே கிழங்கும் பலாவும் வைத்திருப்பவருக்கு அந்தத் தொலைவு பயன்படாது. பெரியவர் இப்போது தகரத்தைத் தட்டிக்கொண்டு இரவைக் கழிக்கிறார்.

துப்பாக்கி போனதில் அவருக்கு வருத்தமில்லை. “பேரன் கையில கெடச்சிரக் கூடாதுன்னுதான் குடுத்தேன்” என்றார். பேரன் சேலத்தில் படிக்கிறான். நமக்கு வருத்தம் சொற்களைப் பற்றியது. கெட்டித்தல், உட்காருதல், கம்பி துள்ளுதல், மொத்தையாக விழுதல் என்று அவர் ஒருமணி நேரத்தில் பயன்படுத்திய சொற்கள், தம்முள் ஒரு தொழிலின் இலக்கணத்தையே அடக்கியவை. ஈழத்தில் ரவை, சன்னம் என்னும் சொற்கள் போரின் வழியே செய்தி ஏடுகளில் ஏறிவிட்டன. மலைச் சொற்களுக்கு அப்படியொரு ஏடு வாய்க்கவில்லை, வாய்க்காததும் நன்றே. துப்பாக்கி காவல்நிலையத்தில் இருக்கட்டும். சொற்களை மட்டும் நாம் குறித்துக்கொள்ளலாம். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலைப் பகுதிகளில் முதியோரிடம் இத்தகைய சொற்களைக் கேட்டறிந்த அன்பர்கள் எழுதினால் மகிழ்வோம்.