"நீ எழுதினதைப் பாத்துதான்கா வாங்கினேன்!" - தம்பியின் லேசரும் அப்பாவின் விரலும்

பொங்கல் லீவுக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸில் வாணியம்பாடி போய் இறங்கினேன். வீட்டுக்குள் நுழைந்து பையைக்கூட கீழே வைக்கவில்லை. தம்பி ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே விரல் நீளத்தில் ஒரு லேசர். ஸ்னூக்கர் விளையாடும் கியூ ஸ்டிக்கின் மேல் மாட்டிக்கொள்வது. பட்டனை அழுத்தினால், கியூ பார்க்கும் திசையில் மேஜை மேல் சிவப்புக் கோடு விழுகிறது.

"எவ்ளோடா?"

"ரெண்டாயிரத்து எண்ணூறு."

தூக்கிவாரிப்போட்டது. காலேஜ் நேரம் போக, ஷூ அப்பர் தைக்கும் ஒரு யூனிட்டில் கணக்கு எழுதி அவன் சேர்த்த காசு அது. "யார்டா உன்னை இதெல்லாம் வாங்கச் சொன்னது?" என்று சத்தம் போட்டேன்.

"நீதான்கா. நீ எழுதினதைப் பாத்துதான் வாங்கினேன்."

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஜர்னலிசம் டிப்ளமோ முடித்த கையோடு நான் முதலில் சேர்ந்தது ஓர் இணையதளத்தில். தினமும் ஐந்தாறு கட்டுரை கொடுக்க வேண்டும். அதில் ஒன்று, குறி தப்பாமல் அடிக்க உதவும் ஐந்து கருவிகள் பற்றியது. முக்கால் மணி நேரத்தில் எழுதி முடித்தேன். அதுவரை கியூ ஸ்டிக்கைக் கையால் தொட்டதுகூட இல்லை. விற்பவர்கள் போட்டிருந்த விளம்பர வரிகளைப் புரட்டிப் போட்டு, 'உங்கள் ஆட்டமே மாறிவிடும்' என்று முடித்திருந்தேன். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற கிராஃப் ஏறியதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அந்தக் கிராஃபில் ஒரு புள்ளி என் தம்பியாக இருப்பான் என்று நினைத்ததே இல்லை.

அவனுக்கு இந்த ஆசை வந்தது போன நவம்பரில். சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் ஐ.பி.எஸ்.எஃப் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றார். இறுதி ஆட்டத்தில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்று வீழ்த்திய அந்தச் செய்தியை, எங்கள் டெஸ்க்கிலிருந்து நானே அவனுக்கு அனுப்பியிருந்தேன். ஸ்னூக்கர் ஒன்றும் நமக்கு அந்நியமான ஆட்டமில்லை. 1875-ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் மத்தியில் பிறந்து, நம்ம ஊட்டி கிளப்பில்தான் அதன் விதிகள் வடிவம் பெற்றன. ஆனால், வாணியம்பாடியில் ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்க கோச் கிடையாது. கோச் இல்லாத இடத்தில்தான் கருவி விற்பவர் வந்து நிற்கிறார்.

"சரி, சோதிச்சுப் பாத்துடலாம். வேலை செய்யலைன்னா காசை நான் தர்றேன்" என்றேன்.

மறுநாள் காலை, கடைவீதி மாடியில் இருக்கும் பார்லருக்குப் போனோம். அந்த நேரத்தில் ஆள் இருக்காது. நீலப் பந்தை மேஜையின் நடுப்புள்ளியில் வைத்தோம். ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைப் பந்து. இரண்டும் மூலை பாக்கெட்டுக்கு ஒரே நேர்க்கோட்டில். இருபது முறை அடிக்க வேண்டும். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். லேசர் இல்லாமல் அடித்ததில் 6 உள்ளே போயின. லேசரை மாட்டியதும் 11. தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். என் கட்டுரை தப்பித்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நேராக அடிக்கும் அடியில் என்ன கஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். பாக்கெட்டின் வாய் சுமார் மூன்றரை அங்குலம். பந்து நுழையும்போது இரண்டு பக்கமும் மிஞ்சுவது ஏறக்குறைய 18 மில்லிமீட்டர்தான். நடுப்புள்ளியிலிருந்து மூலை பாக்கெட் 2 மீட்டர் தூரம். வெள்ளைப் பந்து நீலத்தைத் தொடும் இடத்தில் 1 மில்லிமீட்டர் விலகிப்போனால், நீலப் பந்து பாக்கெட்டை நெருங்கும்போது அந்த விலகல் 38 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். அப்படியென்றால் மன்னிப்பு அரை மில்லிமீட்டருக்குத்தான். எங்கள் ஊரில் தயாராகும் ஷூ தோலின் கனம்கூட அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்!

லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பினேன். தம்பி தினமும் லேசரோடு பயிற்சி செய்து வாட்ஸ்அப்பில் எண்களை அனுப்பினான். 12, 11, 13. பத்து நாள் கழித்து, "இப்ப லேசரைக் கழட்டிட்டு அடி" என்றேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரே ஓர் எண் வந்தது. 5.

பத்து நாள் உழைப்புக்குப் பிறகு, ஆரம்பித்த இடத்துக்கும் கீழே. போன் செய்தால் எடுக்கவில்லை. "எனக்கு இது வராதுக்கா" என்று மட்டும் மெசேஜ் அனுப்பியிருந்தான். 2,800 ரூபாயைவிட அந்த ஒரு வரிதான் என்னை உறுத்தியது. கருவி தோற்றதை, தான் தோற்றதாக எடுத்துக்கொண்டுவிட்டான்.

முதல் கட்டுரைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையை அப்போதுதான் செய்தேன். தேடிப் படித்தேன். உடல் ஒரு திறமையை எப்படிக் கற்கிறது என்று ஆராய்பவர்கள் இதை ரொம்ப நாளாகவே சொல்லிவருகிறார்கள். 1984-ல் சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: ஒவ்வொரு முயற்சிக்கும் சரியா, தவறா என்று வெளியிலிருந்து தகவல் வந்துகொண்டே இருந்தால், பயிற்சியின்போது நன்றாகச் செய்வோம். அந்தத் தகவல் நின்றதும் தடுமாறுவோம். தகவலே ஊன்றுகோலாகிவிடுகிறது. இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. பில்லியர்ட்ஸ் ஆடுபவர்களின் பார்வையை அளந்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. தேர்ந்த ஆட்டக்காரர்கள், அடிப்பதற்குச் சற்று முன்பு, இலக்கில் கண்ணை அதிக நேரம் அசையாமல் நிறுத்துகிறார்கள் என்கிறது அது. தம்பியின் கண் எங்கே நின்றது? பந்தில் இல்லை. சிவப்புக் கோட்டில்.

போட்டியில் லேசருக்கு இடமும் இல்லை. இடைவெளியையோ தூரத்தையோ அளக்க எந்தப் பொருளைப் பயன்படுத்தினாலும் ஸ்னூக்கர் விதிப்படி அது ஃபவுல்.

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். லேசரைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லத்தான் போனேன். தீர்ப்பை மாற்றியது அப்பா.

அப்பாவுக்கு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை. முப்பது வருஷம் ஆகிறது. ஸ்னூக்கர் பற்றி எதுவும் தெரியாது. தம்பியின் கியூவை வாங்கி அதன் முனையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தவர், "இது தோலு தானே?" என்றார். ஆமாம், தோல்தான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா மிங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி கியூவின் முனையில் தோலை வைத்து ஆடிக் காட்டிய பிறகுதான், வெள்ளைப் பந்தை நினைத்தபடி சுழலவைக்க ஆட்டக்காரர்களால் முடிந்தது. வெறும் மரமுனை பந்தில் வழுக்கும். தோல் பிடித்துக்கொள்ளும். இந்த ஆட்டத்தையே மாற்றிய கருவி என்று ஒன்றைச் சொல்வதானால், அது பத்து மில்லிமீட்டர் அகலத் தோல் துண்டுதான். அப்பாவுக்கு அதைக் கேட்டதில் ரொம்பப் பெருமை.

அப்புறம் தம்பியின் கதையைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எங்ககிட்டயும் தோலோட கனம் பாக்குற கேஜ் இருக்கு. புதுசா வர்ற பசங்க, தோலை எடுத்ததும் கேஜைத்தான் வைப்பாங்க. ஒரு வருஷம் ஆனாலும் அவங்க கைக்கு ஒண்ணும் தெரியாது. நான் முதல்ல விரல்ல பாத்து, ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு மனசுல சொல்லிக்குவேன். அப்புறம்தான் கேஜ் வைப்பேன். தப்பா இருந்தா, எவ்ளோ தப்புன்னு விரலுக்குத் தெரிஞ்சுடும். முதல்ல விரலு, அப்புறம் கேஜ். அவ்ளோதான்."

ஆய்வுக் கட்டுரைகளில் நான் தேடியதை அப்பா நாலு வரியில் சொல்லிவிட்டார். கருவியில் தப்பில்லை. அதை எப்போது பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அன்று முதல் தம்பியின் பயிற்சி மாறியது. நாலு அடி லேசர் இல்லாமல். ஒவ்வொரு அடிக்குப் பிறகும், பந்து எந்தப் பக்கம் விலகியது, கை என்ன செய்தது என்று அவனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஐந்தாவது அடிக்கு மட்டும் லேசர், அதுவும் அவன் சொன்னது சரியா என்று பார்க்க. இரண்டாவது நாளே ஒன்று பிடிபட்டது. கியூவை முன்னால் தள்ளும் கடைசி நொடியில் அவன் முழங்கை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிவப்புக் கோடு அந்த நொடியில் இடதுபக்கம் துள்ளுவதை நானே பார்த்தேன். முழங்கையைச் சரிசெய்ய வீட்டில் ஒரு காலி பாட்டில் போதுமானதாக இருந்தது. பாட்டிலைப் படுக்கவைத்து, அதன் கழுத்துக்குள் கியூ முனையை இடிக்காமல் விட்டு எடுக்க வேண்டும். இடித்தால் சத்தம் கேட்கும். செலவு ஒரு பைசா இல்லை.

மூன்று வாரம் கழித்து, லேசர் இல்லாமல் இருபதுக்கு 10. இது ஒரே ஒரு பையன், ஒரே ஒரு மேஜை. ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், வீட்டுக் கணக்குதான். ஆனால், இந்த 10 அவனுடையது. முன்பு வந்த 13 லேசருடையது.

இப்போது என் வேலையிலும் இதைச் செய்து பார்க்கிறேன். எந்தத் தலைப்பு எடுபடும் என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதிவைக்கிறேன். அப்புறம்தான் கிராஃபைத் திறக்கிறேன். பாதி நாள் தோற்கிறேன். பரவாயில்லை, எங்கே தோற்றேன் என்று தெரிகிறது.

சொன்னபடி 2,800 ரூபாயை தம்பியிடம் நீட்டினேன். "காசு வேணாம்கா. அந்தக் கட்டுரையை மாத்திடு, போதும்" என்றான். அந்த வேலையை விட்டு வந்து ஒரு வருஷமாகிறது. திருத்தச் சொல்லி மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. 'உங்கள் ஆட்டமே மாறிவிடும்' என்ற என் வரி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. யாராவது ஒரு தம்பி அதைப் படித்துவிட்டு, காசை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

அவன் கண்ணில் இதுவும் படட்டும் என்றுதான் எழுதினேன். வாங்கினாலும் தப்பில்லை, தம்பி. ஆனால், முதலில் விரல்.