தலங்களைக் கோத்த இருப்புப்பாதை

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதை விழுப்புரத்தில் இரண்டாகப் பிரிகிறது. விருத்தாசலம், அரியலூர் வழியே செல்வது கார்டு லைன். கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என வளைந்து செல்வது மெயின் லைன். பின்னது சுமார் 60 கிலோமீட்டர் கூடுதல் நீளமுடையது. அவசரக்காரருக்கு அது சுற்றுவழி. தல யாத்திரை செல்வோருக்கோ அதுவே நேர்வழி.

இப்பாதையின் மிகப் பழைய பகுதி தஞ்சாவூர் – திருச்சி. நாகப்பட்டினம் துறைமுகத்தை உள்நாட்டோடு இணைக்க, கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நிறுவனம் அமைத்த தடம் 1861-இல் தஞ்சையையும் 1862-இல் திருச்சியையும் எட்டியது. 1874-இல் தென்னிந்திய ரயில்வே உருவானது. முதலில் அகலப்பாதையாக இருந்த அத்தடம் பின்னர் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. வணிகத்தை எண்ணியே தண்டவாளம் போடப்பட்டது. ஆயினும் காவிரி வளப்படுத்திய ஊர்களில்தான் ஆலயங்களும் எழுந்திருந்தன. அவ்வூர்களை நாடிய ரயில் ஆலயங்களையும் வந்தடைந்தது.

விழுப்புரத்தை விட்டால் முதலில் பண்ருட்டி. அருகிலுள்ள திருவதிகையில்தான் அப்பர் பெருமானின் சூலை நோய் தீர்ந்தது. அடுத்து வருவது திருப்பாதிரிப்புலியூர். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பெருமான் கரையேறிய தலம். அப்பாலுள்ள சிதம்பரத்தில் ஆடல்வல்லானைத் தரிசித்து, கொள்ளிடத்தைக் கடந்தால், ஞானப்பால் உண்ட சம்பந்தர் அவதரித்த சீர்காழி. அதையடுத்து, நோய் தீர்க்கும் வைத்தியநாதர் உறையும் வைத்தீஸ்வரன்கோயில்.

மயிலாடுதுறையைத் தாண்டியபின் நிலையங்களின் பெயர்ப்பலகைகளே தலப்பட்டியலாகிவிடுகின்றன: குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம், கும்பகோணம், தாராசுரம், சுவாமிமலை. பின்னர் பாபநாசத்தைக் கடந்து, ராஜராஜன் எழுப்பிய பெருவுடையார் கோயில் விளங்கும் தஞ்சையை அடைந்து, வண்டி திருச்சிக்குத் திரும்புகிறது.

1920-களின் இறுதியில் கார்டு லைன் திறக்கப்பட்டது. காலப்போக்கில் தென்கோடி செல்லும் விரைவு வண்டிகள் பெரும்பாலும் அவ்வழியே செல்லலாயின. ‘மெயின்’ என்ற பெயர் மட்டும் பழைய பாதையிடமே தங்கிவிட்டது. பின்னர் விழுப்புரம் – மயிலாடுதுறைப் பகுதி, அகலப்பாதையாக மாற்றுவதற்காக மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக மூடப்பட்டு, 2010-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் செல்ல விரும்பிய வடதிசை முதியோருக்குப் பேருந்தின் குலுக்கலே கதியாயிற்று. அருகிலிருக்கும் வரை ஒன்றின் அருமை தெரிவதில்லை.

இன்று அகலப்பாதையில் வேகம் கூடியிருக்கிறது. ஆனால் வேகம் கூடக் கூட, சிறு நிலையங்களைக் கடந்துபோகும் வண்டிகளும் பெருகுகின்றன. சுவாமிமலையின் அறுபது படிகளை ஏற இன்னும் மனவலிமை உள்ள முதியவருக்கு, அந்நிலையத்தில் நிற்கும் பயணிகள் வண்டிதான் துணை. பயணிகள் ஏறி இறங்கினால்தான் நிறுத்தங்கள் நிலைக்கும்.

ஆகவே அன்பர்கள் கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ இரண்டு நாள் தங்கி, பயணிகள் வண்டிகளின் நேரத்தை நிலையத்தில் விசாரித்து, நாளுக்கு இரு தலங்களாகத் தரிசிக்கலாம். 2028-இல் மகாமகம் வரவிருக்கிறது. பெருங்கூட்டம் கூடுமுன், நிதானமாக நின்று நின்று செல்லும் அவ்வண்டியில் ஒருமுறை சென்று வருதல் நலம். அது நிற்குமிடமெல்லாம் இறைவன் எழுந்தருளியிருக்கிறான்.